மார்ச்சில் அடித்தவரை ஏப்ரலில் ஏன் காணோம்?

கேள்வி இதுதான்: "ஸ்பிரிங் டிரெய்னிங்கில் ஒரு இளம் வீரர் வெளுத்து வாங்குகிறார். சீசன் தொடங்கும்போது பார்த்தால் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டு, மார்ச் முழுக்கத் தடுமாறிய ஒருவரை அணியில் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஆட்டங்களுக்கு மதிப்பே இல்லையா? பேஸ்பாலில் அணியை எதை வைத்துத்தான் தேர்வு செய்கிறார்கள்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி நடுவில் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் (அதுதான் ஸ்பிரிங் டிரெய்னிங்) தொடங்கும்போதே, உச்சமட்டமான மேஜர் லீக்கில் ஆடும் 26 பேர் கொண்ட அணியில் பெரும்பாலான இடங்கள் முடிவாகியிருக்கும். மிச்சமிருக்கும் இரண்டு மூன்று இடங்களுக்குத்தான் போட்டி. அந்தப் போட்டியிலும் மார்ச் மாத பேட்டிங் சராசரியைவிட வீரரின் ஒப்பந்த நிலவரம்தான் அதிகம் பேசும். அவரைக் கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்ப உரிமை இருக்கிறதா, அனுப்பினால் வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடுமா, அவர் எத்தனை வருடம் நம் கையில் இருப்பார் என்பவைதான் அலுவலகத்தில் ஓடும் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் தணிந்துவிடும். மீதிப் பாதி நியாயமான கோபம், அதற்கும் வருகிறேன்.

மார்ச் புள்ளிவிவரங்களை ஏன் நம்பக்கூடாது என்பதிலிருந்து தொடங்குவோம். 15 அணிகள் அரிசோனாவில் ஆடுகின்றன, அதைக் கேக்டஸ் லீக் என்பார்கள். மற்ற 15 அணிகள் ஃப்ளோரிடாவில், அது கிரேப்ஃப்ரூட் லீக். அரிசோனாவின் உலர்ந்த காற்றில் பந்து பறக்கும், கர்வ் பந்து சரியாக வளையாது. அதனால் அங்கே பேட்டர்களின் கணக்கு எப்போதுமே கொஞ்சம் உப்பியிருக்கும். அதைவிட முக்கியம், எதிரில் நிற்பவர் யார் என்பது. நட்சத்திர வீரர்கள் நான்கைந்து இன்னிங்ஸ் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதன்பின் முதுகில் எண்பது, தொண்ணூறு என்று எண் போட்ட பையன்கள் வருவார்கள். ஏழாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன், மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ மட்டத்தில்கூடத் தங்க முடியாத ஒரு பிட்சரிடம் அடித்ததாக இருக்கலாம். சராசரியைப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

அடுத்தது நோக்கம். ஏப்ரலில் எல்லோரும் ஜெயிக்க ஆடுகிறார்கள். மார்ச்சில் ஒரு மூத்த பிட்சர், "இன்றைக்குப் புதிதாகக் கற்ற சேஞ்சப்பை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) மட்டும் போட்டுப் பார்க்கப் போகிறேன்" என்று முடிவு செய்துவிட்டுத்தான் மேட்டில் ஏறுவார். அடி விழுந்தாலும் கவலைப்பட மாட்டார். பயிற்சி ஆட்டத்தில் அடித்த சதத்தை டெஸ்ட் கணக்கில் யாராவது சேர்ப்பார்களா? அதே கதைதான்.

ஷோஹெய் ஓடானியின் 2018 மார்ச்சைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஜப்பானிலிருந்து வந்து ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்த முதல் வருடம், அரிசோனாவின் டெம்பியில் முகாம். கேக்டஸ் லீக்கில் இரண்டு முறை பந்து வீசினார். மொத்தம் எட்டு பேரை மட்டும் அவுட்டாக்கினார், அவர் கணக்கில் எட்டு ரன் ஏறியது, இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்ற சராசரி) 27.00. பேட்டிங்கில் 32 முறை ஆடி நான்கே ஹிட், சராசரி .125. உயர்நிலைப் பள்ளி மட்ட பேட்டிங் என்று எழுதியவர்கள் உண்டு, மைனர் லீக்கில் ஆரம்பிக்கட்டும் என்றவர்களும் உண்டு. முகாமின் கடைசி நாட்களில், பந்து வருமுன் காலை உயர்த்தும் பழக்கத்தை விட்டுவிட்டு, முன்கால் விரலை மட்டும் தரையில் தட்டி நேரம் பிடிக்கும் முறைக்கு மாறினார். சீசன் தொடங்கியது. ஓக்லண்டில் சந்தித்த முதல் பந்திலேயே ஹிட். மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் ஆறு இன்னிங்ஸ் வீசி வெற்றி. அடுத்த வாரம் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஹோம் ரன். வருட முடிவில் 22 ஹோம் ரன், அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம். அந்த மார்ச்சில் பார்க்க வேண்டியிருந்தது காலில் செய்த அந்தச் சின்ன மாற்றம் ஒன்றைத்தான். சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் அது படவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஜேக் ஃபாக்ஸ். 2011 மார்ச்சில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்காக பத்து ஹோம் ரன் அடித்து எல்லா அணி வீரர்களையும் முந்தினார். சீசனில் அவர் அடித்தது இரண்டு. சரி, மார்ச் ஹோம் ரன் எல்லாமே பொய்யா என்றால் அதுவும் இல்லை. அதே 2011-இல் வாஷிங்டன் நேஷனல்ஸின் மைக்கேல் மோர்ஸ் மார்ச்சில் ஒன்பது அடித்தார், சீசனில் 31 அடித்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மார்ச் கணக்கை மட்டும் காட்டினால் யார் நிஜம், யார் கானல் நீர் என்று சொல்ல முடியாது. ஐம்பது அறுபது முறை பேட் பிடித்ததை வைத்து ஒருவரை எடை போட முடியாது, அவ்வளவுதான்.

அந்தக் கானல் நீரை அணி நிர்வாகமே நம்பியதும் உண்டு. 2013-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் முகாமில் ஜாக்கி பிராட்லி ஜூனியர் .419 அடித்தார். டேவிட் ஆர்டிஸ் காயத்தில் இருந்ததால் இடமும் காலியாக இருந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள், பிராட்லி முதல் ஆட்டத்திலேயே யாங்கி ஸ்டேடியத்தில் களமிறங்கினார். அதன்பின் 31 முறையில் மூன்றே ஹிட், சராசரி .097. ஏப்ரல் முடிவதற்குள் மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள்-ஏவுக்குத் திரும்பினார். மோசமான வீரரா என்றால் இல்லவே இல்லை. 2018 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். 2013 மார்ச்சில் அவர் தயாராகவில்லை, அந்த .419 அதை மறைத்துவிட்டது.

அப்புறம் மார்ச்சில் எதைத்தான் பார்ப்பது? நான் பார்ப்பது கொஞ்சம்தான். பிட்சர் என்றால் வேகம்: போன வருடத்தைவிட இரண்டு மைல் குறைந்திருந்து, மார்ச் கடைசி வாரத்திலும் ஏறாமல் இருந்தால் தோளிலோ முழங்கையிலோ ஏதோ இருக்கிறது. புதிதாக ஒரு பந்து வகை சேர்ந்திருக்கிறதா, வாக் (நான்கு தவறான பந்து போட்டு பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது) குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். பேட்டர் என்றால் ஸ்ட்ரைக் வட்டத்துக்கு வெளியே போகும் பந்தை விரட்டுகிறாரா, பந்தை எவ்வளவு வேகமாக அடிக்கிறார் என்பது. இப்போது பல முகாம் மைதானங்களில் பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் இருப்பதால் வீட்டில் உட்கார்ந்தே இதைப் பார்க்கலாம். ஹிட் ஆகிறதா இல்லையா என்பது அதிர்ஷ்டம் கலந்தது, பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு.

இப்போது ஒப்பந்தச் சமாச்சாரம். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு அணிக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து 26 பேர்தான் மேஜர் லீக்கில் ஆடுபவர்கள் (2020-க்கு முன் 25 பேர்). மீதிப் பேர் மைனர் லீக்கில் காத்திருப்பார்கள், அல்லது காயத்தில் இருப்பார்கள். முகாமில் இந்த 40 பேரைத் தவிர இருபது, முப்பது பேர் அழைப்பின் பேரில் வந்திருப்பார்கள். இப்படி வந்தவர் .400 அடித்தாலும் அவரை எடுக்க வேண்டுமென்றால் 40 பேரில் ஒருவரை வெளியேற்றி இடம் உண்டாக்க வேண்டும். வெளியேற்றப்படுபவரை வேறு அணி இலவசம் போல எடுத்துக்கொண்டு போகலாம். மூன்று வார ஆட்டத்துக்காக மூன்று வருடம் வளர்த்த ஒரு பிட்சரை இழக்க எந்த ஜெனரல் மேனேஜருக்கும் மனசு வராது.

40 பேர் பட்டியலில் இருப்பவரைக் கீழே அனுப்ப ஆப்ஷன் வேண்டும். பொதுவாக ஒரு வீரருக்கு மூன்று ஆப்ஷன் வருடங்கள். ஒரு வருடத்தில் மொத்தம் 20 நாளாவது கீழே இருந்தால் ஒரு ஆப்ஷன் செலவாகிவிடும். 2022 ஒப்பந்தத்துக்குப் பின் ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் மேலும் கீழும் அனுப்பக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அதற்கு முன் சில ரிலீவர்களின் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்களின்) வாழ்க்கை விமான நிலையத்திலேயே கழிந்தது. மூன்று ஆப்ஷனும் தீர்ந்துவிட்டால், அவரை வேய்வரில் மற்ற எல்லா அணிகளுக்கும் காட்டாமல் கீழே அனுப்ப முடியாது. வேண்டும் என்று யாராவது கை தூக்கினால் போய்விடுவார்.

ஆகவே கடைசி இடத்துக்கு இருவர் போட்டியிடும்போது, ஒருவருக்கு ஆப்ஷன் மிச்சம், மற்றவருக்குத் தீர்ந்துவிட்டது என்றால் முடிவு ஏறக்குறைய எழுதி வைத்ததுதான். ஆப்ஷன் மிச்சமிருப்பவர் நன்றாக ஆடினாலும் கீழே போவார், சுமாராக ஆடியவர் தங்குவார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி! ஆனால் நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது புத்திசாலித்தனம். இப்படிச் செய்தால் இருவரும் கையில் இருப்பார்கள். மாற்றிச் செய்தால் ஒருவர்தான் மிஞ்சுவார். ஏப்ரலில் நான்கு பேருக்காவது காயம் வரும், அப்போது கீழே போனவர் தானாக மேலே வருவார்.

ஆப்ஷன் தீர்ந்த வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதற்கு ஆலிவர் டிரேக் சாட்சி. அமெரிக்கக் கடற்படை அகாடமியில் படித்துவிட்டு வந்த ரிலீவர், கையை நேர் செங்குத்தாக உயர்த்தி ஸ்பிளிட்டர் (கடைசியில் திடீரென்று கீழே விழும் பந்து) வீசுவார். 2018-இல் மில்வாக்கியில் ஆரம்பித்தார். பிறகு கிளீவ்லேண்ட், ஏஞ்சல்ஸ், டொரொன்டோ, கடைசியில் மினசோட்டா. ஒரே சீசனில் ஐந்து மேஜர் லீக் அணிகளுக்கு ஆடிய முதல் வீரர். ஒவ்வொரு அணிக்கும் அவர் பந்து பிடித்திருந்தது, ஆனால் புது ஆள் ஒருவருக்கு இடம் தேவைப்படும்போதெல்லாம் கீழே அனுப்ப வழியில்லாத டிரேக்கைத்தான் வெளியே விட வேண்டியிருந்தது. மினசோட்டாவில் அவர் பிரமாதமாகவே வீசினார்.

மார்ச்சில் மோசமாக ஆடியவர் தங்குவதற்கு இன்னொரு காரணம் ரூல் 5 டிராஃப்ட். வேறு அணியின் 40 பேர் பட்டியலில் இடம் கிடைக்காத இளம் வீரரை டிசம்பரில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சீசன் முழுவதும் மேஜர் லீக் அணியில் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். 1999-இல் ஹூஸ்டனிடமிருந்து ஃப்ளோரிடா மார்லின்ஸ் வழியாக மினசோட்டா ட்வின்ஸுக்கு இப்படி வந்த இடதுகைப் பையன் ஒருவன், 2000 சீசனில் 6.49 இ.ஆர்.ஏ. வைத்திருந்தான். அந்த வருட ட்வின்ஸ் ரசிகர் எவரும் இவனை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. பெயர் யோஹான் சாண்டானா. 2004-இலும் 2006-இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

இதுவரை சொன்னதெல்லாம் விளையாட்டின் கணக்கு. அடுத்தது பணக் கணக்கு, எனக்குக் கசப்பு இங்கேதான்.

மேஜர் லீக் பட்டியலில் ஒரு வீரர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சர்வீஸ் டைமாகச் சேரும். சீசன் ஏறக்குறைய 186 நாள். அதில் 172 நாள் இருந்தால் ஒரு வருடம் என்று கணக்கு. ஆறு வருடம் சேர்ந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியுடனும் பேரம் பேசலாம். அதுவரை அணிக்குத்தான் அவர் சொந்தம். முதல் மூன்று வருடம் பெரும்பாலோருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும் (2025-இல் அது 7,60,000 டாலர்). இப்போது கணக்குப் போடுங்கள்: முதல் வருடத்தில் பதினைந்து நாள் மட்டும் கீழே வைத்திருந்தால் 171 நாள்தான் வரும், ஒரு வருடம் ஆகாது. ஆறு வருடத்துக்குப் பதில் ஏழு வருடம் வீரர் கையில் இருப்பார்.

2015-இல் சிகாகோ கப்ஸ் இதைத்தான் கிரிஸ் பிரையன்ட்டிடம் செய்தது. நான் கப்ஸ் ரசிகன், லாபம் என் அணிக்கு என்றாலும் சொல்கிறேன். புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013-இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட பையன். கப்ஸ் முகாம் நடக்கும் மெசாவில் அந்த மார்ச்சில் 40 முறை ஆடி .425, ஒன்பது ஹோம் ரன். அந்த வசந்தத்தில் அவரைவிட அதிகம் அடித்தவர் யாருமில்லை. அதற்கு முந்தைய வருடமே மைனர் லீக்கில் 43 ஹோம் ரன் அடித்திருந்தார், ஆகவே ஜேக் ஃபாக்ஸ் கதை இது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் அவரை மைனர் லீக் முகாமுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் பேஸில் தடுப்பாட்டம் மெருகேற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். மைக் ஓல்ட் என்பவர் அந்த இடத்தில் சீசனைத் தொடங்கினார். எட்டு ஆட்டம் முடிந்தது. ஏப்ரல் 17 அன்று பிரையன்ட் கப்ஸின் மைதானமான ரிக்ளி ஃபீல்டில் இறங்கினார். பன்னிரண்டு நாளில் தடுப்பாட்டம் மெருகேறிவிட்டதாம். கணக்குப் பார்த்தால் அந்த வருடம் அவருக்குச் சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு.

வீரர்கள் சங்கம் வழியாகப் பிரையன்ட் புகார் கொடுத்தார். அது இழுத்துக்கொண்டே போய் 2020 தொடக்கத்தில்தான் தீர்ப்பு வந்தது. கப்ஸ் பக்கம் சாதகம். விதியில் உள்ளதைத்தான் செய்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பேரத்தில் கிடைத்தது என்ன? 2015-இல் கப்ஸ் 97 வெற்றி, பிட்ஸ்பர்க் 98. அந்த ஒரு வெற்றி வித்தியாசத்தால் வைல்ட் கார்டு ஆட்டத்தை (தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டம்) பிட்ஸ்பர்க்கில் போய் ஆட வேண்டியதாயிற்று. ஜேக் அரியெட்டா ரன்னே கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசிக் காப்பாற்றினார், இல்லாவிட்டால் அந்த எட்டு ஆட்டங்களை இன்று வரை பேசிக்கொண்டிருப்போம். கூடுதலாகக் கிடைத்த அந்த ஏழாவது வருடம் 2021. அதன் ஜூலை மாதம் பிரையன்ட்டைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்த அலெக்சாண்டர் கனாரியோ, கேலப் கிலியன் இருவரும் கப்ஸ் அணியில் நிலைத்து ஆடவில்லை. இடையில் 2016 வந்தது, 108 வருடத்துக்குப் பிறகு உலகத் தொடர் கோப்பை. கடைசிப் பந்தைப் பிடித்து, கால் வழுக்கியபடியே சிரித்துக்கொண்டு முதல் பேஸில் நின்ற ரிஸோவிடம் எறிந்தவர் பிரையன்ட்தான். அந்த வருடத்தின் நேஷனல் லீக் சிறந்த வீரரும் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் கணக்கில் சில்லறைத்தனம் பண்ணியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொலராடோ பின்னால் அவருக்கு ஏழு வருடத்துக்கு 18.2 கோடி டாலர் கொடுத்து, காயங்களோடு அவதிப்படுகிறது. கப்ஸ் தப்பித்தது என்பவர்கள் உண்டு. அது வேறு விஷயம், 2015-இல் யாருக்கும் அது தெரியாது.

மற்ற அணிகள் இதையே செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தன. 2021 பிப்ரவரியில் சியாட்டில் மரைனர்ஸின் தலைவர் கெவின் மாதர், ஒரு ரோட்டரி கிளப் கூட்டத்தில், ஜாரெட் கெலனிக் போன்ற இளைஞர்களை சர்வீஸ் டைமுக்காகத்தான் மேலே கொண்டுவரவில்லை என்ற ரீதியில் பேசினார். காணொளி வெளியே வந்ததும் பதவி விலகினார். இதில் வேடிக்கை, கெலனிக் மே மாதம் வந்து .181 அடித்தார். நிர்வாகம் தவறான காரணத்துக்காகச் செய்தது தற்செயலாகச் சரியான முடிவாக இருந்துவிட்டது!

2022 ஒப்பந்தத்தில் இதற்குக் கொஞ்சம் மருந்து போட்டார்கள். சிறந்த புதுமுகம் ஓட்டில் முதல் இரண்டு இடத்தில் வருபவருக்கு, எப்போது வந்திருந்தாலும் முழு வருட சர்வீஸ் கிடைக்கும். பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்றுதான் முதல் ஆட்டம் ஆடினார், விருது வென்றதால் முழு வருடமும் சேர்ந்துவிட்டது. இன்னொரு பக்கம், முன்னணி இளம் வீரரைத் தொடக்கத்திலேயே அணியில் சேர்த்து, அவர் அந்த விருதை வாங்கினால் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் இடம். ஹூலியோ ரோட்ரிகெஸை 2022 முதல் நாளிலிருந்தே ஆடவைத்த மரைனர்ஸுக்கு அது கிடைத்தது. மாதர் விவகாரம் நடந்த அதே அணி. இந்த ஏற்பாடு வந்தபின் மார்ச் தேர்வுகள் முன்பைவிட நேர்மையாகியிருக்கின்றன என்றே நினைக்கிறேன். ஆனால் எந்த விருதிலும் பெயர் வராத நடுத்தர வீரருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

அதற்காகக் கீழே அனுப்பும் எல்லாவற்றையும் சூழ்ச்சி என்று சொல்லிவிடாதீர்கள். 2024-இல் ஜாக்சன் ஹாலிடே மார்ச்சில் .300-க்கு மேல் அடித்தும் ஓரியோல்ஸ் அவரைத் தன் டிரிபிள்-ஏ அணியான நார்ஃபோக்குக்கு அனுப்பியபோது பெரிய கூச்சல். ஏப்ரல் 10 அன்று அழைத்தார்கள். 34 முறை ஆடி இரண்டே ஹிட். மாதம் முடியுமுன் திரும்ப அனுப்பினார்கள். இடதுகைப் பிட்சர்களிடம் இன்னும் ஆட வேண்டும் என்று அவர்கள் சொன்னதில் விஷயம் இருந்தது.

பணத்துக்காக மார்ச்சில் நடக்கும் இன்னொரு கூத்து, ரசிகர்கள் அதிகம் கவனிக்காதது. 2024-இல் ஜே.டி. டேவிஸ் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் சம்பள நடுவர் மன்றத்துக்குப் போய் 69 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். மார்ச் தொடக்கத்தில் அதே மூன்றாம் பேஸுக்கு மேட் சாப்மன் வந்தார். டேவிஸை விடுவித்துவிட்டார்கள். வழக்காடி வாங்கிய சம்பளத்துக்கு முழு உத்தரவாதம் கிடையாது. சீசன் தொடங்குமுன் விடுவித்தால் சில வாரச் சம்பளம் கொடுத்தால் போதும், அவருக்குக் கிடைத்தது சுமார் 11 லட்சம். பேசித் தீர்த்திருந்தால் முழுப் பணமும் கிடைத்திருக்கும். ஜெயித்தவர் தோற்ற கதை.

இவ்வளவு சொல்லிவிட்டு, மார்ச்சைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, கண் முன்னால் நடப்பதைப் பார்க்க மறுப்பதுதான் நிர்வாகங்கள் செய்யும் பெரிய தவறு. ஜே.டி. மார்ட்டினெஸ் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸில் மூன்று வருடம் சுமாராக ஆடியவர். 2013 சீசன் முடிந்ததும் கலிஃபோர்னியாவில் தனியார் பயிற்சியாளர்களிடம் போய் தன் மட்டை வீச்சை அடியோடு மாற்றினார். பந்தைத் தரையில் அடிப்பதை விட்டு மேலே தூக்கி அடிக்கக் கற்றுக்கொண்டார். கிஸ்ஸிமீ முகாமுக்கு வந்து, நான் இப்போது வேறு ஆள், ஆடவிட்டுப் பாருங்கள் என்று கேட்டார். மார்ச் முழுக்க அவருக்குக் கிடைத்தது 18 அட்-பேட். மார்ச் 22 அன்று விடுவித்தார்கள். இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருடம் 111 ஆட்டம் தோற்ற அணி அது. எதைக் காப்பாற்ற அவ்வளவு அவசரம்?

டெட்ராய்ட் டைகர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்துத் தன் டிரிபிள்-ஏ அணியான டொலிடோவுக்கு அனுப்பியது. அங்கே 17 ஆட்டத்தில் பத்து ஹோம் ரன். மேலே வந்து அந்த வருடமே .315, 23 ஹோம் ரன். 2018-இல் பாஸ்டனுக்காக 43 ஹோம் ரன், 130 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்), கையில் உலகத் தொடர் மோதிரம். மேக்ஸ் மன்சியின் கதையும் இதே மாதிரி. 2017 முகாம் முடிவில் ஓக்லண்ட் விடுவித்தது, அடுத்த வருடம் டாட்ஜர்ஸுக்காக 35 ஹோம் ரன் அடித்தார். மார்ட்டினெஸ் விஷயத்தில் ஆஸ்ட்ரோஸிடம் எல்லாப் புள்ளிவிவரமும் இருந்தது, ஆனால் எல்லாமே பழைய வீச்சின் புள்ளிவிவரம். மாறியதைக் காட்டக்கூடிய ஒரே இடம் மார்ச் மாத மைதானம்தான், அங்கே அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

கண்ணைத் திறந்து பார்த்த அணியும் உண்டு. 1999 டிராஃப்டில் பதின்மூன்றாவது சுற்றில் எடுக்கப்பட்ட ஆல்பர்ட் பூஹோல்ஸ், 2000 சீசனின் பெரும்பகுதியை டபுள்-ஏவுக்கும் கீழான ஏ மட்டத்தில் கழித்தவர். 2001-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஜூபிடர் முகாமுக்கு 40 பேர் பட்டியலில் இல்லாத ஒருவராகத்தான் வந்தார். டிரிபிள்-ஏவில் ஒரு வருடம் இருக்கட்டும் என்பதுதான் திட்டம். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடினார். கடைசி நேரத்தில் பாபி போனியாவுக்குக் காயம் வந்தது, இடம் கிடைத்தது. அந்த வருடம் .329, 37 ஹோம் ரன், 130 ஆர்.பி.ஐ. பிறகு 703 ஹோம் ரன் வரை போனார். சர்வீஸ் டைம் கணக்குப் பார்க்கும் இன்றைய நிர்வாகம் எதுவாக இருந்தாலும் அவரை ஏப்ரல் நடுவரை கீழே வைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே உங்கள் அணி இந்த வருடம் யாரையாவது கீழே அனுப்பினால் இப்படிப் பாருங்கள். முதலில் அவருக்கு ஆப்ஷன் எத்தனை மிச்சம் என்று தேடுங்கள். எல்லா அணிகளின் பட்டியலும் இணையத்தில் கிடைக்கும். அவருக்கு இருந்து, தங்கியவருக்கு இல்லையென்றால், கேள்விக்கு அங்கேயே பதில் முடிந்தது. தங்கியவருக்கும் இருக்கிறது என்றால், அனுப்பப்பட்டவர் 40 பேர் பட்டியலில் உண்டா, இன்னும் மேஜர் லீக்கில் ஆடாதவரா என்று பாருங்கள். ஆடாதவர், பெரிய பெயர், ஏப்ரல் மூன்றாம் வாரம் திடீரென்று மேலே வந்துவிட்டார் என்றால் தாராளமாகத் திட்டலாம். பட்டியல் சிக்கலும் இல்லை, இந்த நாள் கணக்கும் இல்லையென்றால் பெரும்பாலும் பயிற்சியாளர்கள் நாம் பார்க்காத எதையோ பார்த்திருக்கிறார்கள். மார்ச் கணக்கை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு வீரரும் சந்தித்த எதிராளிகளின் தரத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். பத்தை நெருங்கினால் மேஜர் லீக் தரம், எட்டு என்றால் டிரிபிள்-ஏ. .420-க்குப் பக்கத்தில் ஏழு சொச்சம் இருந்தால் அந்த .420-ஐ மறந்துவிடலாம்.

கடைசி வாரத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். ஆறு வருட சர்வீஸுக்கு மேல் உள்ள மூத்த வீரர்களில் மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்திருக்கும் பலருக்கு, சீசன் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது அணியை விட்டு விலகும் உரிமை உண்டு. மே 1, ஜூன் 1 என்று இன்னும் இரண்டு வாய்ப்பும் உண்டு. முகாம் முடியும் தறுவாயில் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு இளம் வீரர் கீழே போய், 34 வயதுக்காரர் ஒருவர் பட்டியலில் ஏறினால், பெரும்பாலும் அந்த ஐந்து நாள் கெடுதான் காரணம். அந்த மூத்தவர் மே மாதம்வரை தாக்குப்பிடிக்கிறாரா என்று பாருங்கள், இளைஞர் அதற்குள் டிரிபிள்-ஏவில் நூறு முறையாவது பேட் பிடித்திருப்பார்.